நாலாம் பாட்டை விட்ட தொகுப்பு

பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டு, சிடியின் பின்னட்டையைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய், விரலால் ஒவ்வொரு பாட்டாகத் தடவிக்கொண்டே கீழே இறங்குகிறார் பெரியக்கா. கடைசிப் பாட்டில் விரல் நிற்கிறது. ஒருவேளை அவசரத்தில் தாண்டிவிட்டோமோ என்று மறுபடி மேலே போய் இறங்கி வருகிறது. பிறகு அட்டையை மேசை மேல் வீசிவிட்டு, "இதுலயும் இல்ல. இவனுங்க உருப்படவே மாட்டானுங்க" என்கிறார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் காத்திருக்கும் எனக்கு, இன்றைக்கு என் தலை என்ன நிறத்தில் வீடு போய்ச் சேரும் என்பதுதான் கவலை.

பெரியக்கா என்பது தெரு வைத்த பெயர். பெண்களுக்கு முடி வெட்டி, டை அடித்து, புருவம் திருத்துகிற சின்ன பார்லர் அவருடையது. மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இரண்டு நாற்காலிகள், இரண்டு கண்ணாடிகள், பின்பக்கம் தலை கழுவ ஒரு தொட்டி. ஒரு நாற்காலியில்தான் இப்போது வேலை நடக்கிறது. இன்னொன்றின் மேல் துவைத்து மடித்த துண்டுகள் குவிந்திருக்கும். ஷாம்பு பாட்டில்களுக்கு மேலேயுள்ள பலகையில் ஒரு பழைய சிடி பிளேயர். அதன் மூடி சரியாக மூடாது என்பதால் ஒரு மரச்சீப்பைக் குறுக்கே வைத்து அழுத்தியிருப்பார். ஒரு பார்லரில் இருக்க வேண்டிய எல்லாம் அங்கே உண்டு, கடிகாரத்தைத் தவிர.

ஐம்பதைத் தாண்டியவர். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல். வந்தவர்களின் தலையைத் தன் சொந்தப் பொருளைப் போல இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்புவார். "குனிங்க" என்றால் குனிய வேண்டும். "பேசாதீங்க" என்றால் பேசக் கூடாது. ஆனால் அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது. பத்திரிகைகளில் எழுதுகிறவள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்கு எழுத்தம்மா. "எழுத்தம்மா, இந்த மாசம் ரொம்ப யோசிச்சிட்டீங்க போல. வேரெல்லாம் வெளுத்துக் கிடக்கு" என்று வாசல்வரை கேட்கும்படி சொல்வார். எனக்கு நரைத்துவிட்ட சேதி என் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

டை பூசிய தலையை எவ்வளவு நேரம் ஊற விடுவது என்பதற்கு மற்ற பார்லர்களில் மணி பார்ப்பார்கள். பெரியக்காவுக்கு அது ஒரு பாடகியின் ஒரே ஒரு ஆல்பம். பாடகியின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, எப்போதும் 'நம்மாளு'தான். சினிமாப் பக்கம் போகாமல் தனியாகவே பாட்டுப் போட்டு, கொஞ்ச காலம் எல்லார் வீட்டிலும் ஒலித்து ஓய்ந்த குரல் அது. முதல் ஆல்பத்தின் அட்டை பச்சை நிறம் என்பதால் அதற்குப் பச்சை அட்டை என்றே பெயர். ஆறே பாட்டுகள், எல்லாம் நீளமானவை. முதல் இரண்டு பாட்டுக்குள் டை பூசி முடித்துவிட வேண்டும். மூன்றாவது பாட்டில், இரண்டு நாற்காலியிலும் வேலை நடந்த காலத்தில், பக்கத்து நாற்காலியைக் கவனிக்க வேண்டும். நாலாவது எல்லாவற்றிலும் நீளம், அதில் டீ. ஐந்தாவது பாட்டு மணியோசையோடு தொடங்கும். அந்த மணி கேட்டதும் தலையைக் கழுவ வேண்டும். ஆறாவதில் உலர்த்தி, சீவி, "எந்திரிங்க" என்று முதுகில் ஒரு தட்டு.

"கடிகாரம் பாத்துக் கழுவினா கடிகாரத்துக்குத்தான் நல்லாருக்கும்" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. தலை நன்றாக வந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கவில்லை.

நாலாம் பாட்டு சுமாரான பாட்டு. பெரியக்காவே அதை மறைக்க மாட்டார். பல்லவி வழவழவென்று இழுக்கும். நடுவில் ஒரு புல்லாங்குழல் வந்து, எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்ட விருந்தாளி மாதிரி நெடுநேரம் உட்கார்ந்துவிடும். "மட்டமான பாட்டுதான், நான் இல்லேங்கல. அது மட்டமா இருக்கறதாலதான் நான் உக்காருறேன். நல்ல பாட்டு ஓடும்போது எவளாவது டீ குடிப்பாளா?"

'சிறந்த பாடல்கள்' என்று போட்டு விற்கிற தொகுப்புகளின் மேல் அவருக்குள்ள ஆத்திரம் முழுவதும் இங்கேயிருந்துதான் கிளம்புகிறது. "நல்லதா மட்டும் பொறுக்கிப் போடுறாங்களாம். ஒவ்வொண்ணும் உச்சாணில நின்னுகிட்டுக் கத்துது. மூணாவது பாட்டுக்கே எனக்கு மூச்சு வாங்குது. நம்மாளு என்ன விவரம் தெரியாதவளா, நடுவுல ஒரு சுமார் பாட்டை வச்சதுக்கு? அவளுக்கும் டீ குடிக்கணும்ல?"

பச்சை அட்டை இப்போது கைவசம் இல்லாததால், இப்படித் திட்டிக்கொண்டே எல்லாத் தொகுப்பையும் வாங்குவார். பலகையில் ஒரு வரிசையே நிற்கிறது. அட்டைதோறும் பாடகி வேறு வேறு சேலையில் ஒரே சிரிப்பைச் சிரிக்கிறாள். ஒன்றில் பாட்டுக்கு முன்னால் வரும் இசையை வெட்டிவிட்டார்கள். பொத்தானை அழுத்தியதும் குரல் நேராகக் காதில் வந்து விழுகிறது. இன்னொன்றில் எல்லாம் பாடகி வயதான பிறகு மறுபடி பாடிக் கொடுத்தவை. "வயசாச்சு, சரி, எனக்கும்தான் ஆச்சு. அதுக்காக அன்னைக்குப் பாடினதை இன்னைக்குப் பாடித் தருவியா? என் கல்யாண போட்டோவை இப்ப நிக்கவச்சு எடுத்துத் தந்தா நான் வாங்கிப்பேனா?" முதல் பாகம் என்று கொட்டை எழுத்தில் போட்டு வந்த ஒன்றுக்கு இரண்டாம் பாகம் இன்றுவரை பிறக்கவில்லை. மற்றொன்றின் கடைசியில், யாருமே கேட்காத இரண்டு புதுப் பாட்டுகளைச் சேர்த்திருந்தார்கள். "பழம் வாங்க வந்தவகிட்ட கொட்டையைத் தனியா பொட்டலம் கட்டி, இது இலவசம்மாங்கிறான்" என்று அதை எனக்குப் போட்டுக் காட்டினார். உண்மையிலேயே மோசமான பாட்டுகள்.

எந்தத் தொகுப்பிலும் நாலாம் பாட்டு இல்லை. இருக்கவும் முடியாது. அதை நல்ல பாட்டு என்று சொல்ல இந்த உலகத்தில் யாரும் இல்லை, பெரியக்கா உட்பட.

அது இல்லாததால் வேலை தடுமாறியது. மூன்றாம் பாட்டு முடிந்ததும் பிளேயரை நிறுத்திவிட்டு, மனசுக்குள்ளேயே நாலாம் பாட்டை ஓட்டிப் பார்ப்பார். உதடு அசையும், தலை ஆடும். நடுவில் யாராவது வந்து "ஷாம்பு இருக்கா?" என்று கேட்டால் போச்சு, எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் பல்லவிக்குத் திரும்பிவிடுவார். ஒரு மாதம் என் தலை காக்கைக் கருப்பாகவும் அடுத்த மாதம் காப்பி நிறமாகவும் போனதற்கு இதுதான் காரணம். நேரம் முடிந்தால் கிணுகிணுக்கிற ஒரு சின்ன டைமரை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அழகா இருக்கு எழுத்தம்மா" என்று வாங்கி, அழகான பொருள்களை வைக்கும் இழுப்பறையில் பத்திரப்படுத்திவிட்டார்.

அவர் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். ஊர் முழுக்கச் சுற்றுகிற வேலை என்பதால், எங்கே என்ன தொகுப்பு கிடைக்கும் என்று தேடுகிற பொறுப்பு அவர் தலையில். "மீட்டர் பாக்க வந்தவன் உங்க வீட்டுல பழைய சிடி இருக்கான்னு கேட்டா, போலீஸைக் கூப்பிட மாட்டாங்களா?" என்று என்னிடம் முறையிடுவார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அவர் பையின் கனத்தைப் பார்த்தாலே தெரியும்.

"போன்ல இருக்குமே பெரியக்கா" என்று சொல்லாத ஆள் கிடையாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன். பச்சை அட்டையை வெளியிட்ட கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. போனிலும் அதே தொகுப்புகள்தான், அதே வெட்டுகளோடு. போதாததற்கு விளம்பரம் வேறு. "நடுவுல ஒருத்தன் வந்து வீடு வாங்குங்கங்கிறான். டை அடிச்ச தலையோட எவ போய் வீடு வாங்குவா?"

ஆனால் பச்சை அட்டை கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை. எதிர்ச்சாரியில், தையல் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. அங்கே பார்லர் வைத்திருப்பவர் சின்னக்கா, பெரியக்காவின் கூடப்பிறந்த தங்கை.

துண்டுகள் குவிந்து கிடக்கிற அந்த இரண்டாவது நாற்காலி சின்னக்காவுடையது. இருவரும் சேர்ந்துதான் கடையைத் திறந்தார்கள். பச்சை அட்டையைத் தன் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தவரும் சின்னவர்தான். பாட்டுக் கணக்கில் இருவருக்கும் பேச்சே தேவைப்பட்டதில்லை. மூன்றாம் பாட்டு முடிகிறபோது ஒருவர் அடுப்புப் பக்கம் போவார், மற்றவர் டம்ளரை எடுத்து வைப்பார். நாலாம் பாட்டின் புல்லாங்குழலில் இருவரும் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடிப்பார்கள். தலையில் டையோடு கண்ணாடி வழியாக நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கடையில் எனக்குப் பிடித்த நேரமும் அதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் பிரிந்த கதை எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குப் பெரியக்கா பல் பிடுங்கப் போயிருந்தார். கடையில் சின்னக்கா மட்டும். பணி ஓய்வு பெறப் போகிற தலைமையாசிரியை ஒருவர், மறுநாள் பள்ளியில் எடுக்கப்போகும் போட்டோவுக்காக டை அடித்துக்கொள்ள வந்தார். கூடவே ஒரு தாய், இரண்டு பெண்பிள்ளைகளை முடி வெட்ட அழைத்து வந்திருந்தார். சின்னக்கா பிளேயரை ஓடவிட்டு, டையைப் பூசிவிட்டு, பிள்ளைகளின் பக்கம் போனார். மணியோசை கேட்டதும் ஓடி வந்து தலைமையாசிரியையின் தலையைக் கழுவினார். உலர்த்திப் பார்த்தால், முடி பித்தளை நிறத்தில் பளபளத்தது.

அந்த நேரத்தில் உள்ளே நுழைந்தார் பெரியக்கா, ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு. பஞ்சு வைத்த வாயால் திட்டியும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்ததாம். "காதை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்தியா? ஒரு பாட்டு எண்ணத் தெரியாதவளுக்குக் கத்தரிக்கோல் எதுக்குடி?" இத்தனை பேர் முன்னால். சின்னக்கா ஏப்ரனைக் கழற்றி நாற்காலி மேல் போட்டுவிட்டு நடந்துவிட்டார். அடுத்த வாரம் அவருடைய கத்தரிக்கோல்கள், சீப்புகள், பச்சை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினார் பெரியக்கா. மாதம் திரும்புவதற்குள் எதிர் மாடியில் புதுப் பலகை தொங்கியது. அந்தத் தலைமையாசிரியை இப்போது டை அடித்துக்கொள்வது அங்கேதான். "என் தலையாலதானே அந்தப் பொண்ணு அவ்வளவு பேச்சு வாங்கிச்சு" என்பார்.

அக்கா தங்கை பேச்சுவார்த்தை இல்லை. ஒரே தெரு, எதிரெதிர் சாரி. காலையில் ஒருவர் கதவைத் தூக்கினால் மற்றவர் உள்ளே ஏதோ வேலையாக இருப்பார். "தங்கச்சிகிட்ட அந்த சிடியை ஒரு நாள் கேளுங்களேன்" என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். சீப்பு என் மண்டையில் கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது. அதன் பிறகு சொல்லவில்லை. நாலாம் பாட்டு எப்படியாவது தன் கைக்கு வந்துவிட்டால், தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியம் இருக்காது என்று பெரியக்கா நம்பினார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அந்த அட்டையை மேசை மேல் வீசியதற்கு அடுத்த மாதம் நான் போனபோது கடைவாசலிலேயே அழைப்பு வந்தது. "எழுத்தம்மா, ஓடி வாங்க. வந்தாச்சு." வீட்டுக்காரர் எங்கேயோ சொல்லிவைத்து, தபாலில் வரவழைத்திருந்தார். செங்கல் கனத்துக்கு ஒரு பெட்டி. 'முழுத் தொகுப்பு' என்று பொன்னெழுத்து. இது பொறுக்கி எடுத்தது இல்லை, பாடகி பாடிய எல்லாமே இருக்கிறது என்று அட்டையிலேயே சத்தியம் செய்திருந்தார்கள். முதல் சிடியின் பின்னட்டையில் விரலை வைத்துக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு அடுத்தாற்போல் நாலாம் பாட்டு. பெரியக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

"உக்காருங்க. இன்னைக்கு உங்க தலை ராஜா தலை."

பிளேயரின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்து, சீப்பை எடுத்து, சிடியை வைத்து, மறுபடி சீப்பை வைத்தார். முதல் பாட்டுக்கு முன்னால் வருகிற இசை வெட்டுப்படாமல் வந்தது. எனக்கே சிலிர்த்தது. பிடரியிலிருந்து தொடங்கி வகிடு வகிடாகப் பிரித்துப் பூசிக்கொண்டு வந்தார். கையில் பழைய வேகம். இரண்டாம் பாட்டு முடிவதற்கும் நெற்றிப் பக்கம் பூசி முடிப்பதற்கும் சரியாக இருந்தது. மூன்றாம் பாட்டில் இரண்டாவது நாற்காலியின் மேலிருந்த துண்டுகளை எல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினார். அந்த நாற்காலியின் இருக்கை என்ன நிறம் என்பதையே நான் மறந்திருந்தேன். சிவப்பு.

நாலாம் பாட்டு தொடங்கியது. பெரியக்கா டீயை ஊற்றிக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பல்லவி வழவழவென்று இழுத்தது.

"எப்படி மட்டமா இருக்கு பாருங்க" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.

புல்லாங்குழல் வந்தது. பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டு டம்ளரை ஊதினார். ஒரு வாய் குடித்திருப்பார். குழல் இரண்டு மூச்சு வாசித்தது, உடனே பல்லவி வந்தது, பாட்டு முடிந்தது. நடுவிலிருந்த அத்தனை நீளத்தையும் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று எனக்கு உறைப்பதற்குள் மணி அடித்தது.

பெரியக்கா எழுந்தார். டம்ளரைப் பலகையில் வைத்தார், கையுறையை மாட்டினார், என் தோளைத் தட்டித் தொட்டிக்கு அழைத்துப்போனார், தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரைத் திறந்தார். எல்லாம் ஒரே ஓட்டம். நானும் வாயைத் திறக்கவில்லை. மணி கேட்டால் எழுந்து போய்ச் சாய்வது எனக்கும் அத்தனை வருஷப் பழக்கம். கறுப்புத் தண்ணீர் காதோரம் ஓடிற்று. விரல்கள் வேரில் வந்து நின்றன.

அப்படியே நின்றன. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாய்ந்த தலையோடு மேலே பார்த்தேன். பெரியக்கா என் தலையைப் பார்க்கவில்லை. பலகையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"டீ ஆறவே இல்ல, எழுத்தம்மா" என்றார்.

குழாயை மூடினார். பிளேயரை நிறுத்தவில்லை, மணிப் பாட்டு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திட்டப் போகிறார், இந்த முறை கம்பெனிக்காரனின் பரம்பரையே தப்பாது என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"கையே எந்திரிச்சுப் போச்சு. நான் எங்க எண்ணினேன்? மணி அடிச்சுது, கை போயிருச்சு" என்றார். பிறகு, "அவளுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார்.

"அன்னைக்கு ஓடினது பச்சை அட்டைதானே பெரியக்கா? அதுல நாலாம் பாட்டு இருக்குமே?"

"அது ஓடல."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என் நெற்றியைப் பார்த்துச் சொன்னார். பச்சை அட்டை அப்போது அங்கங்கே தாவ ஆரம்பித்திருந்தது. அது தேய்ந்துவிடப் போகிறதே என்று ஒரு தொகுப்பு வாங்கினார், வாழ்க்கையில் முதல் தொகுப்பு. பல் பிடுங்குவதற்கு முந்தின நாள், தங்கை கடையிலிருந்து கிளம்பிப் போன பிறகு அதைப் போட்டுக் கேட்டிருக்கிறார். முதல் மூன்று பாட்டும் பச்சை அட்டையில் இருக்கிற அதே வரிசை. நாலாவதாக மணிப் பாட்டு. பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே இருந்ததை எடுக்க மறந்துவிட்டார்.

"அவ அதுதான் பச்சை அட்டைன்னு நினைச்சுப் பொத்தானை அமுக்கியிருக்கா. ரெண்டு பிள்ளைங்க வேற கத்திக்கிட்டு இருந்துச்சாம். டீ போட்டுக் குடுக்க நானும் இல்ல. அவ காதுல ஒரு குத்தமும் இல்ல. அவ போனப்புறம் மூடியைத் திறந்து பாக்கிறேன், உள்ள இருக்கு நான் வச்சது."

"சொல்லலையா?"

"அன்னைக்குக் கோவம். மறுநாள் வெக்கம். வாரத்துல அவ சாமானை எடுத்து வைக்கும்போது ஒரு வார்த்தை எழுதிப் போடலாம்னு நினைச்சேன். போடல. அப்புறம் அவ கடை திறந்துட்டா. கடை திறந்தவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. ஈரத் தலையோடு தொட்டியில் சாய்ந்து கிடக்கிறவளுக்குக் கோபப்பட உரிமை இருக்கிறதோ இல்லையோ, வந்தது. மூன்று வருஷமாக ஊரிலுள்ள கம்பெனிகளை எல்லாம் திட்டித் தீர்த்த வாய் இது. "இதை என் தலைகிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

பெரியக்கா கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே இறங்கினார். கையுறைகூடக் கழற்றவில்லை. நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். கறுப்புத் தண்ணீர் என் கழுத்தில் வழிந்தது. மருந்துக் கடைக்காரர் கையில் மாத்திரைப் பட்டையோடு எட்டிப் பார்த்தார். ஒரு ஸ்கூட்டர் எங்களுக்காக நின்றது; ஓட்டி வந்தவர் ஏதோ சொல்ல வந்து, பெரியக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

தையல் கடையை ஒட்டிய படி குறுகலானது. மேலே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவர்க் கடிகாரம். ரயில் நிலையத்தில் இருப்பது போலப் பெரியது. அதற்குக் கீழே கண்ணாடி மேசையில் இன்னொரு சின்னக் கடிகாரம். பாட்டுச் சத்தமே இல்லை. சின்னக்கா வெட்டி விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துடைப்பம் நின்றது. அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை. என் தலையிலிருந்த துண்டை எடுத்தார். வகிட்டை விலக்கி வேரைப் பார்த்தார்.

"எந்தப் பாட்டுல கழுவினா?" என்று என்னிடம் கேட்டார்.

"மணிப் பாட்டுலதான்" என்றேன். "நாலாம் பாட்டை வெட்டிட்டாங்க."

"அன்னைக்கும் அப்படித்தான்" என்றார் பெரியக்கா. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அன்னைக்கு உள்ள இருந்தது உன் பச்சை அட்டை இல்ல. நான் வாங்கிட்டு வந்த தொகுப்பு. எடுக்காம விட்டுட்டுப் போனது நான்தான். அதுல நாலாம் பாட்டு கிடையாது. உன் மேல தப்பே இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

சின்னக்கா துண்டை என் தோளில் போட்டார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது, எடுக்கவில்லை.

"நான் பச்சை அட்டையை இங்க வந்து எத்தனை தடவை போட்டுப் பாத்தேன் தெரியுமா?" என்றார். குரல் உயரவே இல்லை. "போடுற போதெல்லாம் நாலாம் பாட்டு வந்துச்சு. இவ்வளவு நீளப் பாட்டு ஓடினது என் காதுல எப்படி விழாம போச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். சரி, என் காதை இனிமே நம்பக் கூடாதுன்னு அதை எடுத்து வச்சிட்டேன். அப்புறம்தான் இதை மாட்டினேன்." சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "ஒண்ணு ஓடாம நின்னுட்டா என்ன பண்றதுன்னு இன்னொண்ணும் வாங்கினேன்."

பெரியக்கா நிமிர்ந்து அந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதிர்லதானே இருந்தே" என்றார் சின்னக்கா.

"ஆமா."

"மூணு வருஷம்."

"ஆமாடி."

பெரியக்காவின் கண்கள் நிறைந்து கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கையுறை இரண்டிலும் டை. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், முகத்தருகே போனதும் நிறுத்திவிட்டார். இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கி அகலப் பிடித்தபடி, ஒரு எட்டு உள்ளே வந்து, நனைந்த முகத்தைத் தங்கைக்கு முன்னால் நீட்டினார்.